சம்பந்தியைத் திட்ட ஆளில்லை

ஜெர்மனியில், டார்ம்ஸ்டாட்டில் எங்களுக்கு மேல் மாடியில் குடியிருந்தவள் பீகாரில் மிதிலைப் பக்கத்துக்காரி. என்னைப் போலவே கணவர் வேலைக்காக வந்தவள். நான் பள்ளி நாட்களில் ஹிந்திப் பரீட்சைகள் எழுதித் தேறியவள். அந்தப் பெருமையில் அவளிடம் ஹிந்தியில் வெளுத்துக் கட்டுவேன். ஒரு நாள் அவள், "என் பாஷை ஹிந்தி இல்ல, மைதிலி" என்றாள். "அதுவும் ஒரு ஹிந்திதானே?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

அவ்வளவுதான். பத்து நாள் பேச்சே இல்லை. படிக்கட்டில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தமிழைப் பற்றி எவனாவது அப்படிக் கேட்டிருந்தால் நான் சும்மா விட்டிருப்பேனா? எனக்கு நன்றாக வேண்டும்.

பிறகு அவளே வந்து கதவைத் தட்டினாள். அவள் தங்கைக்கு இதே ஊரில் கல்யாணம். மாப்பிள்ளையும் மைதிலிக்காரர்தான். இரு வீட்டுப் பெரியவர்களுக்கும் விசா கிடைக்கவில்லை.

"மாப்பிள்ளை வீட்டார் சாப்பிடும்போது பொண்ணு வீட்டுப் பொம்பளைங்க அவங்களைத் திட்டிப் பாடணும். திட்டலேன்னா மதிக்கலேன்னு அர்த்தம். நான் ஒருத்தி என்ன பண்ணுவேன்? நீயும் வா."

நம் ஊர் நலங்கிலும் சம்பந்தியைக் கேலி செய்வோம். இது அதற்குப் பாட்டன். மாப்பிள்ளையின் அத்தை பால்காரனோடு ஓடிப்போனாளாம். அம்மா பூசணிக்காய் திருடினாளாம். அவள் அடியடியாகச் சொல்ல, தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டு பாத்திரம் கழுவும்போதெல்லாம் பாடிப் பார்த்தேன். கொஞ்சம் ஹிந்தி வாடை அடித்தாலும் "ஐயோ, அப்படி இல்ல!" என்று தலையில் அடித்துக்கொள்வாள்.

"இங்க வந்ததிலேர்ந்து என் பாஷையில என்னை வாய் நிறையத் திட்ட ஆளில்ல. இவரும் திட்ட மாட்டார்" என்றாள் ஒரு நாள். எனக்கும் அம்மா வாயால் ஒரு "சனியனே" கேட்க மாட்டோமா என்று ஏக்கமாக இருந்தது.

பதிவு அலுவலகத்தில் கையெழுத்து முடிந்து அவள் வீட்டில் சாப்பாடு. மாப்பிள்ளையோடு வந்தவர்கள் எல்லாரும் அலுவலக நண்பர்கள், ஒருவருக்கும் மைதிலி தெரியாது. முதல் பாட்டு ஜோராகப் போனது. இரண்டாவதை அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். ஊரில் அதை எடுத்துக் கொடுப்பது அவள் அம்மாவாம். சுவர்ப் பக்கம் திரும்பி அழுதாள். நான் காகிதத்தைப் பார்த்து, முன்பின் தெரியாத ஓர் அத்தையைத் தனியாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

மாப்பிள்ளை பாதிச் சாப்பாட்டில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். போச்சு, கோபித்துக்கொண்டார் என்று நினைத்தேன்.

அவர் கைபேசியில் ஊருக்கு அழைத்தார். ஸ்பீக்கரைப் போட்டுத் தயிர்க் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அம்மா லைன்ல இருக்காங்க. பிள்ளை கல்யாணத்துல இன்னும் யாரும் அவங்களைத் திட்டலையாம்" என்றார்.

அவள் முந்தானையில் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து பிடித்தாளே ஒரு பிடி! பூசணிக்காய், பால்காரன், ஒன்றையும் விடவில்லை. போனில் அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்டது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு விக்கி விக்கி அழுகையானது. பயந்துபோய் நான் வாயை மூடிக்கொண்டேன்.

"நிறுத்தாதே" என்று என் கையைக் கிள்ளினாள் அவள். "இதுக்குத்தான் அவங்க இவ்வளவு நேரம் காத்திருந்தாங்க. பாடு."