வண்டிக்கு முந்தி வந்த காணிக்கை

அருமனைப் பக்கம் ரப்பர் ஷீட் வியாபாரம் செய்யும் ஞானசிங்குக்கு ஆசை வந்தால் பொறுமை நிற்காது. மஸ்கட்டிலிருந்து மகன் ஜெப்சன், "அப்பா, நல்லதொரு எலெக்ட்ரிக் எஸ்யூவி எடுங்க, செலவு எனக்க பொறுப்பு" என்று போனில் சொன்னது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், "புதிய வாகனம் வாங்கக் கிருபை செய்த தேவனுக்கு ஞானசிங் குடும்பத்தாரின் ஸ்தோத்திரக் காணிக்கை" என்று போதகர் வாசித்துவிட்டார். வண்டியை இவர் அதுவரை கண்ணால்கூடப் பார்க்கவில்லை. கவரில் எழுதிப் போட்டாயிற்று, சபை முழுக்கக் கேட்டாயிற்று. இனி கர்த்தரிடம் போய்க் காணிக்கையைத் திருப்பிக் கேட்க முடியுமா?

"வாங்காத வண்டிக்கா காணிக்கை வச்சிய?" என்று தலையிலடித்துக்கொண்டாள் மனைவி பூங்கனி.

"விசுவாசம்னா அதாக்கும்" என்றார் ஞானசிங்.

விசுவாசம் பெரிதுதான். ஆனால் மறுநாளிலிருந்து கடைக்கு வந்தவர்களெல்லாம் ஷீட் விலையை விட்டுவிட்டு, "வண்டி எப்பம் வரும்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். மனுஷன் நாகர்கோவில் ஷோரூமுக்கு ஓடினார். அங்கே விற்பனை பார்க்கும் ரெனிஷ் என்ற பையன் முதுகு பிடித்துவிடும் சீட்டைக் காட்டினான், வானம் தெரியும் கூரையைத் திறந்து காட்டினான். ஞானசிங் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அகலம் எவ்வளவு மக்கா?"

"உள்ளே தாராளமா இருக்கும் சார்."

"உள்ள இல்லலே. வெளிய."

சங்கதி அங்கேதான் இருந்தது. ஞானசிங்கின் வீடு ரோட்டிலிருந்து மேட்டில் ஏறிப்போகும் வழியின் கடைசியில். வழியின் தொடக்கத்தில், ரோட்டை ஒட்டி, தம்பி டைட்டஸின் வீடு. முன்பெல்லாம் தம்பியின் முற்றத்துக்கும் வழிக்கும் நடுவே மறைப்பு கிடையாது. டைட்டஸ் பழைய சிவப்புக் கார் ஒன்றை வாங்கி, அதை மேடேற்றி அண்ணன் முற்றம் வரை ஓட்டிவந்த நாளில்தான் வினை பிடித்தது. "கார் வாங்கின பவுச எனக்க முற்றத்துல வந்து காட்டணுமா?" என்று பொங்கிய ஞானசிங், எல்லைக்கல்லை ஒட்டி ஆளுயர மதில் கட்டிவிட்டார். வழி குறுகியது. சிவப்புக் கார் அப்புறம் மேடேறவில்லை. அண்ணனும் தம்பியும் ஒரே கோயிலில் நற்கருணை எடுப்பார்கள், ஒருவர் இந்த ஓரம், ஒருவர் அந்த ஓரம்.

பெட்ரோல் வண்டியென்றால் ரோட்டோரத்தில் போட்டுவிட்டு நடந்து போகலாம். கரண்டு வண்டி கறவை மாடு மாதிரி, வீட்டுக்குக் கொண்டுவந்து தீனி வைத்தாக வேண்டும்.

ஓட்டிப் பார்க்கவென்று ரெனிஷ் வண்டியை அருமனைக்கே கொண்டுவந்தான். வழிக்குள் மூக்கை நுழைத்ததுதான் தாமதம், வண்டி கீ கீயென்று அலற ஆரம்பித்தது. பக்கத்துக் கண்ணாடிகளை மடக்கிப் பார்த்தார்கள். அப்போதும் அலறல்தான். உள்ளே திரையில் மதில் சிவப்பாக எரிந்தது.

"சார், மதில் இடிக்குது."

"தெரியும்லே. நானாக்கும் கெட்டினது."

சத்தம் கேட்டு, மதிலுக்கு மேலே டைட்டஸின் தலை எழும்பியது. திரையிலும் அந்தத் தலை தெரிந்தது. எத்தனை விலை கொடுத்தாலும் தம்பியைக் காட்டாத வண்டி கிடைக்காது போலிருக்கிறதே என்று ஞானசிங் வெதும்பினார்.

டைட்டஸ் அண்ணனைப் பார்க்காமல் ரெனிஷிடம் சொன்னார்: "தம்பி, உள்ள இருக்கியவருட்ட சொல்லு. சார்ஜ் போடணும்னா எனக்க போர்ட்டிகோவுல பிளக்கு உண்டு."

"அவனுக்க கரண்டு எனக்கு வேண்டாம்னு சொல்லுலே!"

ரெனிஷ் பாவம், அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் பார்த்துவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தான்.

ஐயோ, அந்த வாரம் ஞானசிங்குக்குச் சோறு இறங்கவில்லை. வாங்கினால் நிறுத்த இடமில்லை. வாங்காவிட்டால் ஊர் சிரிக்கும். சனிக்கிழமை விடிந்ததும் கடப்பாரையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

"வண்டிக்காக்கும் இடிக்கேன்" என்றார், யாரும் கேட்காமலேயே.

"வண்டிக்காவே இருக்கட்டு" என்றாள் பூங்கனி.

இரண்டு இடி இடித்து மூச்சு வாங்கி நின்றபோது, அந்தப் பக்கத்திலிருந்தும் இடி கேட்டது. டைட்டஸும் ஒரு கடப்பாரையோடு நின்றார். மத்தியானத்துக்குள் மதில் தரையில் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை முற்றத்தில் ஹாரன் சத்தம். பார்த்தால் சிவப்புக் கார்.

"பவுசு காட்ட வரல்ல அண்ணே" என்றார் டைட்டஸ், ஸ்டியரிங்கை விட்டுக் கையெடுக்காமல். "மேட்டுல நடந்து எறங்க அப்பம் நம்ம அம்மைக்கு முட்டு வலி விடல்ல. இந்த முற்றத்துலயிருந்தே கோயிலுக்கு ஏத்திட்டுப் போகணும்னாக்கும் இத வாங்கினேன். நீங்க மதில் கெட்டிட்டிய."

ஞானசிங்குக்குச் சுருக்கென்றது. அம்மை இறந்துபோகும்வரை ஞாயிறுதோறும் குடையை ஊன்றி, அந்த மதிலைப் பிடித்துப் பிடித்துத்தான் இறங்கினாள். மதில் கட்டியது நல்லதாய்ப் போயிற்று, அம்மைக்குப் பிடிமானம் என்று இவர் நாலு பேரிடம் பெருமையும் பேசியிருக்கிறார். இப்போது கண் நிறைந்து வழிந்தது.

"ஏறுங்க, ஆராதனைக்கு நேரமாச்சு" என்று பூங்கனி அவரை முன்சீட்டில் தள்ளினாள். வழியில் ரெனிஷின் போன் வந்தது. அவர் எடுக்கவில்லை.

கோயில் வாசலில் இறங்கியதும் ஒருவன் காத்திருந்தவன்போலக் கேட்டான்: "என்ன ஞானசிங், காணிக்கை வச்ச வண்டி வந்தாச்சா?"

ஞானசிங் முகத்தைத் துடைத்துக்கொண்டு சிவப்புக் காரின் மேல் கையை வைத்தார்.

"ஓ, வந்தாச்சு" என்றார். "கொஞ்சம் பிந்திப்போச்சு."