எலிக்குரலுக்கு ‘சி’ கிரேடு

மெஷின் ஓடினால் சாருக்குப் பெயர், ஓடாவிட்டால் நமக்கு உதை: பள்ளிக்கூடத்தில் டேப் ரெக்கார்டர் லீடர் வேலை என்பது இவ்வளவுதான்.

சாக்பீஸ் லீடர், தண்ணிப்பானை லீடர், மேப் தூக்கும் லீடர் என்று ஏதாவது ஒரு பதவி வகித்து முதுகு வீங்கிய தோழர்களே, இது உங்களுக்காக. மற்றவர்கள் படித்தால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கும் சிரிப்பு வரும். ஆனால் இந்த 1991-ஆம் வருஷத்து முழுப்பரீட்சையை நினைத்தால் பல்லைக் கடித்துக்கொண்டுதான் வரும்.

பதவி வந்த விதம்

எங்கள் பள்ளிக்கூடம் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகிற ரோட்டில் இருக்கிறது. நான் ஒன்பதாவது ‘பி’. யார் பேசினாலும் அப்படியே பேசிக் காட்டுவேன். “வல்லக்கோட்டை எல்லாம் எறங்கு, மொட்டை போடறவன் முன்னாடி வா!” என்று கண்டக்டர் மாதிரி கத்தினால் பாதி வகுப்பு எழுந்து நிற்கும். ஒருநாள் கதவுக்குப் பின்னாலிருந்து ஹெச்.எம். குரலில் இருமி, “சம்பந்தம், கொஞ்சம் வாங்க” என்றேன். அறிவியல் வாத்தியார் சம்பந்தம் சார் செருப்பு மாட்டாமல் ஓடினார். அங்கே ஹெச்.எம். தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

அதற்கு அப்புறம் சார் காஞ்சிபுரத்தில் ஏதோ பயிற்சிக்குப் போனார். திரும்பி வரும்போது பள்ளிக்கு ஒரு டேப் ரெக்கார்டர் வந்தது. பெரிய டிபன் கேரியரைப் படுக்கப்போட்ட மாதிரி இருக்கும். என்னைக் கூப்பிட்டு அதன் கைப்பிடியைக் கையில் திணித்தார். “இனிமே வகுப்புல இது பேசட்டும். நீ வாயை மூடிக்கிட்டுத் தூக்குடா.”

மார்க் ஒழிந்தது

பயிற்சியில் சாருக்கு ஒரு ஞானோதயம். மார்க் என்பது மாணவனை அளக்காது, மனப்பாடத்தைத்தான் அளக்கும். ஆகவே அறிவியலில் பாதிப் பரீட்சை வாயால்தான். ஒவ்வொருவரும் டேப்பில் பதில் சொல்ல வேண்டும், சார் நிதானமாகக் கேட்டு ஏ, பி, சி என்று கிரேடு போடுவார். ‘சி’ வாங்கினால் பத்தாவது கிடையாது.

உண்மையைச் சொல்கிறேன், நல்ல யோசனை. முதல்முறையாக ஒரு வாத்தியாரை மனதுக்குள் பாராட்டினேன். காரணம் எஸ்தர். வடக்குப்பட்டிலிருந்து வருகிறவள். எழுதச் சொன்னால் ‘கறி’க்கும் ‘கரி’க்கும் சண்டை மூட்டிவிடுவாள். பேசச் சொன்னால் எதையும் பிட்டுப் பிட்டு வைப்பாள். எழுத்தில் கோட்டைவிட்டு ஏற்கெனவே ஒருதரம் ஒன்பதாவதிலேயே உட்கார்ந்தவள். இந்தத் தடவையும் போச்சு என்றால் அத்தையோடு கம்பெனி பஸ்ஸில் ஏறி பேக்கிங் செக்‌ஷனில் நிற்க வேண்டும் என்று அவள் அப்பா முடிவே செய்துவிட்டார்.

பயமாக இல்லையா என்று கேட்டேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். “எழுதுன்னாதான்டா எனக்குக் கை உதறும். பேசுன்னா எனக்கு இன்னா பயம்?”

பரீட்சை

எங்கள் வகுப்பில் பிளக் பாயிண்ட் கிடையாது. ஹெச்.எம். ரூமில் மட்டும்தான் உண்டு. அதனால் டேப் ரெக்கார்டரில் ஆறு பேட்டரிக் கட்டைகளைப் போட்டு, “பேர் சொல்லு, கேள்வி படி, சிவப்புப் பட்டனை அமுக்கு” என்று எனக்கு உத்தரவு கொடுத்துவிட்டு சார் ஸ்டாஃப் ரூமுக்குப் போய்விட்டார். ஆள் எதிரில் இருந்தால் முகத்தைப் பார்த்துப் பாரபட்சம் வந்துவிடுமாம். குரலை மட்டும் கேட்டால் நியாயமாம்.

ரெஜிஸ்டர் வரிசைப்படி கூப்பிட்டேன். எல்லா ரெஜிஸ்டரும் ஒரே மாதிரிதானே? முதலில் பையன்கள் எல்லாரும் நீல மையில். அவர்கள் முடிந்த பிறகு சிவப்பு மையில் பெண்கள். முதலில் வந்த தனசேகர் கோனார் வீட்டுப் பசு மாதிரி சாவகாசமாக வந்து, புத்தகத்தைத் திறந்து வைத்து, பக்க எண்ணையும் சேர்த்துப் படித்துவிட்டுப் போனான்.

எஸ்தர் வரும்போது மணி மூன்றுக்கு மேல் ஆகிவிட்டது. குவியாடி எதற்குப் பயன்படுகிறது என்பது கேள்வி. “கம்பெனி பஸ்ல டிரைவர் பக்கத்துல ஒரு கண்ணாடி தொங்குது பாருங்க சார், அது குவியாடி. அதுல பின்னாடி வர்ற லாரி குட்டியா தெரியும், ஆனா ரோடு மொத்தமும் தெரியும். வூட்டுக் கண்ணாடிய மாட்டுனா லாரி மூஞ்சி மட்டும்தான் தெரியும், பக்கத்துல வர்ற சைக்கிள்காரன் செத்தான்” என்று ஆரம்பித்து, கதிர் எப்படி விரிகிறது என்பதுவரை சொல்லி முடித்தாள். புத்தகமே பார்க்கவில்லை. மெஷினை அணைத்தேன். பெஞ்சிலிருந்து தனசேகர் சொன்னான்: “அடிப்பாவி, நான் டெய்லி அந்த பஸ்ஸுல தொத்திக்கினுதான் வர்றேன், எனக்கு அது தல சீவுற கண்ணாடின்னுதான் தெரியும்!”

கிரேடு வந்தது

சார் டேப் ரெக்கார்டரை வீட்டுக்கு எடுத்துப் போய், கரண்டில் போட்டு இரண்டு நாள் கேட்டார். மூன்றாம் நாள் கிரேடு ஒட்டினார்கள். தனசேகருக்கு ‘ஏ’. எனக்கு ‘பி’. பதினோரு பெண்களுக்கும் ‘சி’. எஸ்தருக்கு ‘சி’. பக்கத்திலேயே குறிப்பு: ‘விளையாட்டுத்தனமான குரல்’.

என்னவென்று கேட்கப் போனால், என் காது அவர் கையில் மாட்டிக்கொண்டது. ஹெச்.எம். ரூம் பிளக்கில் மாட்டி டேப்பைப் போட்டுக் காட்டினார். கேட்டேன். எஸ்தர் பெயரைச் சொல்லிக்கொண்டு ஒரு சுண்டெலி கீச்சுகீச்சென்று ஓடியது. அடுத்து இன்னொரு எலி. பதினோரு எலி. எங்கேயோ தப்பு சார் என்றேன். தப்பு நான்தானாம். எல்லாப் பெண்களின் பதிலையும் நானே எலிக்குரலில் பேசி வைத்துவிட்டேனாம். பெண்கள் எல்லாரும் வந்து, “நாங்கதான் சார் பேசினோம்” என்றார்கள். அவர்களையும் நானே பேச வைத்தேனாம்! உள்ளங்கையில் விழுந்த பிரம்படிகூட எனக்குப் பழக்கம்தான். ஆனால் ஒரு பெண் வாயைத் திறந்து, இது என் குரல் என்று எதிரில் நின்று சொல்கிறாள், அதை நம்பாமல் மெஷினை நம்புகிறார் பாருங்கள், அதுதான் எனக்கு இன்றுவரை எரிகிறது. எஸ்தரை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “மெஷின் பொய் சொல்லாதும்மா, மனுஷன்தான் சொல்லுவான்.”

ஒயரைப் பிடுங்கினேன்

எனக்குக் குரல்தான் பிழைப்பு. அன்று ராத்திரி படுத்துக்கொண்டே யோசித்தேன். ஒருத்தன் குரலை மாற்றிப் பேசினால் ஆளுக்கு ஆள் வித்தியாசம் வரும். இது அப்படி இல்லை. கிரேடு பட்டியலை மனதில் ஓட்டினேன். முதலில் வந்தவர்களுக்கு ஏ, நடுவில் பி, கடைசியில் சி. படிக்கட்டு மாதிரி இறங்குகிறது! அறிவு எங்கேயாவது ரெஜிஸ்டர் வரிசையில் இறங்குமா? கட்டைதான் இறங்கியிருக்கிறது. கட்டை டவுனானால் மோட்டார் மெதுவாகச் சுற்றும். மெதுவாகச் சுற்றும்போது பதிந்ததைக் கரண்டில் வேகமாக ஓட்டினால் மனுஷன் எலியாகிவிடுவான்.

மறுநாள் மெஷினைத் தூக்கிக்கொண்டு, எஸ்தரையும் கூட்டிக்கொண்டு ஹெச்.எம். ரூமுக்குள் போனேன். சம்பந்தம் சாரும் இருந்தார். அனுமதி கேட்டால் கிடைக்காது என்று டேப்பைக் கரண்டில் ஓட விட்டேன். எலி. சட்டென்று மெஷின் பின்னாலிருந்த ஒயரைப் பிடுங்கினேன். பழைய கட்டைகள் உள்ளேயே இருந்தன. எலி அடங்கி, தடுமாறி, எஸ்தர் ஆனது: “…ஆனா ரோடு மொத்தமும் தெரியும்.” ஹெச்.எம். இருமக்கூட மறந்துவிட்டார். அடுத்து, அதே கட்டையில் தனசேகரின் ‘ஏ’ கிரேடை ஓட்டினேன். சேற்றில் புதைந்த எருமை ஒன்று பக்க எண்களை முனகியது.

ஹெச்.எம். சிரித்துவிட்டார். சிரித்துவிட்டு, “புரியுதுப்பா, ஆனா கிரேடு ரெஜிஸ்டர்ல ஏத்தியாச்சே. அடிச்சுத் திருத்துனா இன்ஸ்பெக்‌ஷன்ல கேப்பாங்க” என்றார். எனக்கு எந்தக் குரலும் வரவில்லை. எஸ்தருக்கு வந்தது. “அப்போ பசங்களையும் எருமைக் கொரல்ல கேட்டு கிரேடு போடுங்க சார். அதையும் ரெஜிஸ்டர்ல ஏத்துங்க.”

மறுபரீட்சை

ஹெச்.எம். தானே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மெஷின் வேண்டாம், பெண்கள் ஒவ்வொருவராக எதிரில் நின்று சொல்லட்டும், ‘மறுபரீட்சை’ என்று எழுதித் திருத்திக்கொள்ளலாம் என்றார். பையன்களுக்கு மறுபரீட்சை உண்டா என்று கேட்டேன். அவர்கள்தான் பாஸாகிவிட்டார்களே என்றார். சரி, அந்தச் சண்டையை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொண்டேன்.

எஸ்தர் அதே குவியாடியை, இன்னும் நன்றாக, வெளியே ரோட்டில் போன கம்பெனி பஸ்ஸையே காட்டிச் சொன்னாள். ஹெச்.எம். “பேஷ்” என்றார். சம்பந்தம் சார் பேனா மூடியைத் திறந்தார். ‘சி’யை அடித்தார். ‘பி’ போட்டார். எஸ்தர் பத்தாவது, பஸ்ஸில் ஏற வேண்டாம். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே ஓடினாள். நான் மட்டும் நின்றேன். ஒரு தப்பும் இல்லாத பதிலுக்கு ஏன் சார் ‘பி’ என்று கேட்டேன். சார் மூடியைத் திருகிக்கொண்டே சொன்னார்: “ஏ-ன்னு போட்டா நான் மொதல்ல போட்டது தப்புன்னு ஆயிடும்டா.”

ஆக, அந்தப் பரீட்சையில் எந்தக் கிரேடும் வாங்காமல் தப்பித்தவர் சம்பந்தம் சார் ஒருவர்தான்.