துக்கம் கேட்க வந்த அம்மா

போன வருடம் ஆவணி மாதம், ஆயக்குடியில் ஒரு கொய்யாத் தோப்பு வீட்டில் நடந்தது இது. புத்தரின் போதனைகளை மூன்று நாள் தங்கிச் சேர்ந்து படிப்பதற்காக ஏழு பேர் கூடியிருந்தோம். திண்டுக்கல்லில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரின் ஏற்பாடு. வெள்ளை உடை, காலையில் ஒரு மணி நேரம் மௌனம், போன் கிடையாது. முறை வரும்போது ஒரு பகுதியை வாசித்து, சொந்த வார்த்தையில் விளக்க வேண்டும்.

எனக்கு ஆசையும் பயமும் சேர்ந்து பிடித்துக்கொண்டன. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். வாசிக்கச் சொன்னால் கணீரென்று வாசித்துவிடுவேன். "சரி, என்ன புரிஞ்சது?" என்று கேட்டால்தான் புத்தகத்தில் இருந்ததையே திரும்பச் சொல்வேன். சுற்றி இருந்தவர்களோ கல்லூரி ஆசிரியர், ஓய்வு பெற்ற வங்கி மேலாளரம்மா என்று பெரிய படிப்புக்காரர்கள். இவனுக்கு வாய் மட்டும்தான், உள்ளே ஒன்றுமில்லை என்று தெரிந்துவிடுமோ? அதிலும் எனக்கு விழுந்தது, புத்தர் எடுத்த எடுப்பிலேயே சொன்ன முதல் பாடமான துக்கம். சனிக்கிழமை பத்து மணிக்கு என் முறை.

வெள்ளிக்கிழமை மாலை போனை ஒப்படைக்கும் முன், வத்தலக்குண்டுப் பக்கம் எங்கள் ஊரில் இருக்கும் அம்மாவைக் கூப்பிட்டேன்.

"ஆயக்குடி ஸ்டாப்புக்குப் பின்னாடி, கொய்யாத் தோப்பு வீட்லதான்மா இருக்கேன். இங்க மூணு நாளும் துக்கந்தான்."

"யாருக்கு அப்பு துக்கம்?"

"எல்லாருக்குந்தாம்மா!" என்றேன், அத்தனை உற்சாகமாக. அதற்குள் அண்ணன் போனை வாங்கிப் பைக்குள் போட்டுவிட்டார்.

எங்கள் ஊரில் துக்கம் என்றால் சாவு. அது எனக்கு உறைக்கவே இல்லை. உட்கார்ந்து மூன்று பக்கம் குறிப்பு எழுதினேன். நிலையாமை, நிறைவின்மை என்று எங்கெங்கோ பொறுக்கிய வார்த்தைகள்.

மறுநாள் காலை ஒன்பதரை. பாயில் வட்டமாகக் கண்மூடி உட்கார்ந்திருந்தோம். வாசலில் செருப்புச் சத்தம். கண்ணைத் திறந்தால் அம்மா! கையில் பெரிய சம்பங்கி மாலை, பின்னால் சித்தி.

அம்மா என்ன பார்த்திருப்பார் என்று யோசித்துப் பாருங்கள். வாசலிலிருந்து யாரென்று தெரியாத ஒரு படம், முன்னால் விளக்கு, ஊதுபத்தி, வெள்ளை உடுத்திய ஏழு பேர், பேச்சுமூச்சில்லை. நான் எழுவதற்குள், வாசலை ஒட்டி உட்கார்ந்திருந்த மேலாளரம்மாவின் கைகளைப் பிடித்துக்கொண்டு, "ஏந்தாயி, இப்பிடி விட்டுட்டுப் போயிட்டாகளே!" என்று அழத் தொடங்கிவிட்டார்.

"அம்மா, இங்க யாரும் சாகலம்மா!"

அழுகை நின்றது. "யாருமே சாகலையா? பெறகு ஏண்டா எல்லாருக்கும் துக்கம்னே?"

கல்லூரி ஆசிரியர் குபீரென்று சிரித்துவிட்டார். எனக்கு அப்படியே தோப்புக்குள் ஓடிவிடலாம் போலிருந்தது. ஆனால் மேலாளரம்மா பிடித்த கையை விடவில்லை. அவர் தோள் குலுங்கியது.

"எங்க வீட்டுக்காரர் போயி ஒரு வருசமாச்சுங்கக்கா. வந்தவங்க எல்லாம் தைரியமா இருங்க, தைரியமா இருங்கன்னு சொல்லீட்டுப் போனாங்க. கையப் புடிச்சு ஆரும் அழுவலைங்க."

முந்தின நாள் இரவு அறிமுகத்தின்போதே நிலையாமையைப் பற்றித் தங்குதடையில்லாமல் அரை மணி நேரம் பேசியவர் அவர். அம்மா மாலையைச் சித்தியிடம் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். மேலாளரம்மா சொல்லச் சொல்ல, "ம்... ம்..." என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மணி பத்து. அண்ணன் என்னைப் பார்த்தார். அப்போதுதான் சட்டென்று உறைத்தது. குறிப்பை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

"எங்க ஊர்ல துக்கம் கேக்கப் போறேன்னுதாண்ணே சொல்லுவோம். துக்கம் சொல்லப் போறேன்னு யாரும் கெளம்ப மாட்டாங்க" என்று ஆரம்பித்தேன். அதற்கப்புறம் வார்த்தைகள் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு வந்தன. துக்கத்தை விளக்கி முடித்துவிட முடியாது, தைரியம் சொல்லி மூடவும் முடியாது, முதலில் உட்கார்ந்து கேட்க வேண்டும், அதனால்தான் புத்தர் அதை முதல் பாடமாக வைத்தாரோ என்றெல்லாம் பேசினேன்.

"செத்த மெதுவா சொல்லுப்பா, எழுதிக்கிறேன்" என்றார் அண்ணன். ஆசிரியரும் பேனாவை எடுத்தார். என் வார்த்தை, அவர் நோட்டில்!

மாலையை என்ன செய்வது? "பொணத்துக்கு வாங்குனது சாமிக்கு ஆகாதே" என்று அம்மா தயங்கினார். "ஒரு பொணத்தப் பாத்ததுலதாம்மா இவரு வீட்ட விட்டே கெளம்புனாரு. தாராளமாப் போடலாம்" என்று அண்ணனே வாங்கிப் புத்தர் படத்துக்குப் போட்டார்.

துக்க வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பக் கூடாது. அம்மா அந்தப் பழக்கத்தில் பேசாமல் செருப்பை மாட்டினார். மேலாளரம்மா வாசலுக்கு ஓடி வந்தார்.

"ஏனுங்கக்கா, சொல்லாமப் போறீங்க? சொல்லீட்டே போங்க."

அம்மா சிரித்துவிட்டார். "வாரேன் தாயி."

இப்போதெல்லாம் "புரிஞ்சதா?" என்று யாராவது கேட்டால் புத்தகத்தில் இருந்ததையே திரும்பச் சொல்வதில்லை. எவ்வளவு பெரிய வார்த்தையாக இருந்தாலும், எங்கள் வீட்டில் இதை எப்படிச் சொல்வார்கள் என்றுதான் முதலில் யோசிக்கிறேன்.