புல்லட் பாபுவுக்குப் பின்னால் நின்ற மாப்பிள்ளை

சூடேறிய டேப்பின் வாசனை...

ஓமனின் சோஹாரில் வெள்ளிக்கிழமை காலை என்றால் எனக்கு அதுதான் முதலில் ஞாபகம் வரும். டென்னிஸ் பந்தின் மேல் டேப்பை இழுத்து இழுத்துச் சுற்றி வெயிலில் வைத்திருப்போம். கையில் எடுத்தால் தோசைக்கல்லிலிருந்து எடுத்த மாதிரி இருக்கும்.

நாங்கள் தங்கியிருந்த லேபர் கேம்புக்குப் பின்னால்தான் மைதானம். புல் என்ற பேச்சே கிடையாது. பாய்ந்து பந்தைப் பிடித்தவன், அடுத்த வெள்ளி வரை முழங்கையில் புதுத் தோல் வளர்த்துக்கொண்டிருப்பான்.

எங்கள் வெல்டிங் ஷாப் அணிக்கு நான் கேப்டன், விக்கெட் கீப்பர், குடிநீர் மந்திரி. எங்கள் புகழ் மூவுலகிலும் பரவியிருந்தது. மேட்சை லைவ் காட்டிய ஃபேஸ்புக் பேஜ் பையன்களுக்கு மட்டும் அது எட்டவில்லை.

அவர்கள் கண்ணுக்குத் தெரிந்தது ஒரே அணி, லயன்ஸ். அதிலும் புல்லட் பாபு. பாபு சிக்ஸ் அடித்தாலும் காட்டுவார்கள், ஷூ லேஸ் கட்டினாலும் காட்டுவார்கள். அவர் தும்மினால் ஸ்லோ மோஷன். கமெண்டரியில் எங்களுக்கு இருந்த ஒரே பெயர் "எதிரணி".

போகட்டும் என்று பல வாரம் விட்டோம். அந்த ஒரு வெள்ளிக்கிழமை மட்டும் விட முடியவில்லை. செல்வத்தின் கல்யாணம் அந்த லைவில் தொங்கிக்கொண்டிருந்தது.

செல்வம் எங்கள் ஓப்பனிங் பேட்ஸ்மேன். அறந்தாங்கிப் பக்கம். பேராவூரணியில் பெண் பார்த்திருந்தார்கள், பெயர் கவிதா. லீவு கிடைக்கிற வழியில்லை. அப்போது ஓமனில் வாட்ஸ்அப் வீடியோ காலுக்கும் தடை. பெண்ணின் அப்பா ஏற்கெனவே பெரிய பெண் விஷயத்தில் ஒரு பழைய போட்டோவை நம்பிச் சூடுபட்டவர்.

"எடுத்து அனுப்புற வீடியோல்லாம் வேணாம் தம்பி. ஆளு நடக்குறது, நிக்குறதப் பாக்கணும். வெள்ளிக்கிழமை லைவ்ல வருவீயளாமுல்ல, பாத்துட்டுச் சொல்றோம்" என்று சொல்லிவிட்டார்.

லைவில் வருவோமாம்.

அன்று நாங்கள் முதலில் பேட்டிங். செல்வம் இறங்கினான். முகம் கழுவி, பவுடர் போட்டு, தலையை வாரிக்கொண்டு. பிக்கப் கூரையில் ஸ்டாண்டு போட்டு போனை வைத்திருந்தார்கள். அந்த போன் செல்வத்தை விட்டுவிட்டு, எல்லைக்கோட்டில் பேரீச்சம்பழம் தின்றுகொண்டிருந்த பாபுவையே பார்த்துக்கொண்டிருந்தது.

செல்வம் ஒரு சிக்ஸ் அடித்தான். பந்து சவூதி எல்லையைத் தொட்டுத் திரும்பி வந்திருக்கும், அப்படி ஒரு அடி. அது கோட்டைத் தாண்டி, பாபுவுக்குப் பின்னால் விழுந்தது. பாபு எடுத்து எறிந்தார். கமெண்டரிப் பையன் உருகினான்.

"ஆகா, பாபு அண்ணன் த்ரோவப் பாருங்க மக்களே."

என் போனில் பேராவூரணியிலிருந்து மெசேஜ். "மாப்பிள்ளை எங்க? இன்னும் காணோமே."

செல்வம் அவுட்டாகி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"அண்ணே, நான் டீம்லயே இல்ல, பொய் சொல்லிட்டேன்னு நெனைப்பாங்களோ?"

கேமராக்காரனிடம் ஓடினேன்.

"தம்பி, அந்தப் பையன ஒரு அஞ்சு நிமிஷம் காட்டுப்பா. கல்யாண விஷயம்."

"மன்னிச்சுக்கங்கண்ணே. பாபுவ விட்டா வியூ விழுந்துரும். ஒங்க டீமக் காட்டுனா நானே பாக்க மாட்டேன்."

திரும்பி நடக்கும்போதுதான் உறைத்தது. அடுத்து பாபு பேட்டிங். போன் இருப்பது பௌலருக்கு நேர் பின்னால். பாபுவைக் காட்டினால், அவருக்குப் பின்னால் நிற்கிற கீப்பரையும் காட்டித்தானே ஆக வேண்டும்?

கிளவுஸைக் கழற்றி செல்வத்தின் கையில் மாட்டினேன்.

"அண்ணே, எனக்குக் கீப்பிங்கே தெரியாது."

"பந்தப் பிடிக்காட்டியும் பரவால்லடா, மூஞ்சிய மறைக்காம நில்லு. தொப்பியக் கழட்டு."

மாப்பிள்ளை லைவில் வந்தான். ஓவருக்கு ஓவர் வந்தான். ஆனால் வந்த பந்தையெல்லாம் விட்டான். கால் இடுக்கில் ஒன்று, தோளுக்கு மேல் ஒன்று. விடுவதும், பின்னாலேயே ஓடி எடுத்து வருவதுமாக, வெறுந்தலையோடு பாதி ஓமனை ஓடி முடித்தான். பாபுவே ஒரு சுலபமான கேட்சைக் கொடுத்தார், அதையும் விட்டான். கமெண்டரியில் ஒரே சிரிப்பு. பேராவூரணியிலிருந்து மெசேஜ் நின்றுபோனது. அந்த நிசப்தம் இருக்கிறதே... அதற்கு அந்தக் கேள்வியே தேவலை.

தோற்றோம். "கல்யாணம் அவனுக்கு, தோல்வி நமக்காண்ணே?" என்று பசங்கள் என்னைப் பிய்த்து எடுத்தார்கள்.

ரூமுக்கு வந்து பிரியாணிப் பொட்டலத்தைப் பிரித்துவைத்தோம். யாரும் தொடவில்லை. போன் அடித்தது, பெண்ணின் அப்பா. ஸ்பீக்கரில் போட்டேன். கட்டிலில் இருந்தவனெல்லாம் எழுந்து உட்கார்ந்தான்.

"நல்லாத்தான் வெளையாடுனீய" என்றார். செல்வம் கண்ணை மூடிக்கொண்டான்.

"எனக்கு ஒண்ணும் புரியல தம்பி. கவிதாதான் சொன்னுச்சு. அத்தனை பந்து விட்டாலும் அவுகளே ஓடிப்போயி எடுத்தாந்தாக, எல்லாரும் சிரிக்கையில கூட யாரையும் ஒரு தடவ மொறைக்கல, இது போதும்ப்பான்னுச்சு. தேதி பாக்கச் சொல்லிட்டேன்."

அன்றைக்கு அந்தப் பிரியாணியில் உப்பு இருந்ததா என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது.

இப்போது செல்வம் குடும்பத்தோடு பர் துபாயில் இருக்கிறான். அவன் மகன் ஸ்கூல் மேட்ச் ஆடினால் பத்து போனில் லைவ் போகிறது. விடுபட்ட முகமே இல்லை. கவிதாவுக்குத்தான் அதைத் திறந்து பார்க்க நேரம் இருப்பதில்லை... "அப்பறமாப் பாத்துக்கலாம்ண்ணே, எங்க போயிரப் போவுது" என்கிறது.

டிவியில் பெரிய லீக் மேட்ச்களிலும் அதே ஓரவஞ்சனைதான். ஒருவன் உயிரைக் கொடுத்து சிக்ஸ் அடிக்கிறான், கேமரா பெரிய அணியின் ஸ்டார் தண்ணீர் குடிப்பதைக் காட்டுகிறது. ஊரே திட்டுகிறது. நான் ஸ்டாரைப் பார்ப்பதில்லை. அவருக்குப் பின்னால், ஓரமாக, பாதி முகம் வெட்டுப்பட்டு நிற்கிறானே ஒருவன், அவனைத்தான் பார்க்கிறேன்.

கொஞ்சம் தள்ளி நில்லுப்பா. உன்னை யாரோ தேடிக்கொண்டிருப்பார்கள்.