என் உயரத்துக்கு ஓர் ஆணி

எனக்கு மைன்ஸில் வேலை. ரிட்டையர் ஆனால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அதனால் வடலூர் போகும் வழியில் ஒரு மனை வாங்கிப் போட்டிருந்தேன். வேலை முடியும் சமயம் வீடு கட்ட ஆரம்பித்தேன். அஸ்திவாரம் எழும்பியது.

"அவசரப்படாதீங்க. மொதல்ல அந்தத் தெருவுல நாலு வூட்டப் பாத்துட்டு வருவோம்" என்றாள் மனைவி.

போனோம். எல்லாம் எனக்கு முன்னால் மைன்ஸில் ரிட்டையர் ஆனவர்கள் கட்டிய வீடுகள். கேட்டைத் தட்டினால் ஓர் அம்மா வந்தார். அடுத்த வீட்டிலும் அம்மாதான். ஐயாக்கள் ஹால் சுவரில் இருந்தார்கள், மாலையும் சின்னச் சிவப்பு பல்புமாக. சிலர் என்னோடு ஒரே ஷிப்டில் வேலை பார்த்தவர்கள்.

ஒரு வீட்டில் மட்டும் ஓர் ஆண் கதவைத் திறந்தார். எனக்கு அவ்வளவு சந்தோஷம். கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா இருக்கீங்களா?" என்றேன். மோட்டார் ரிப்பேருக்கு வந்தவராம்.

மனைவி எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான் கேட்டாள். "வூட்டுல என்னக்கா கொற?"

"அவரு நல்ல ஒசரம். சுவிட்சு, பரணு, கொடி எல்லாத்தையும் அவரு கைக்கு வச்சிட்டுப் பூட்டாரு. நான் குச்சிய வச்சிகினு லைட்டு போடுறேன்."

என்று ஓர் அம்மா குச்சியைக் காட்டினார். பிடித்துப் பிடித்து வழவழவென்று ஆகியிருந்தது.

"இந்த ஆம்பளைங்க ஏங்க்கா இப்பிடி முந்திக்கிறாங்க?"

"எதுலதான் முந்தல? பஸ்ஸுல ஏர்றதுல முந்தல? சோத்துக்கு ஒக்கார்றதுல முந்தல? நெஞ்சு வலிச்சா வாயும்பாரு, ஓமத்தண்ணி கேப்பாரு. வலிக்கிதுன்னு சொன்னா மீச உதுந்துடும்ல."

எனக்கும் முந்தின நாள் வாயுத் தொந்தரவு இருந்தது. வாயைத் திறக்கவில்லை.

மறுநாள் அவள் மனைக்குப் போய் மேஸ்திரி முன்னால் நின்று தன் நெற்றிக்கு நேராகக் கையை நீட்டினாள்.

"இதான் அளவு. சுவிட்சு, ஷெல்பு, கண்ணாடி, எதுவும் இதத் தாண்டக் கூடாது."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். "சார் குனியணுமேம்மா."

"கொஞ்ச காலந்தானே. குனியட்டும்."

வீடு அப்படியே எழும்பியது. நான் ஒன்றே ஒன்று கேட்டேன். சட்டை மாட்ட ஹாலில் என் உயரத்துக்கு ஓர் ஆணி. உடனே ஒத்துக்கொண்டாள். எனக்கு அப்போதே சந்தேகம்.

"வாசலப் பாத்தாப்புல அடிங்க மேஸ்திரி. நல்ல வெயிட்டு தாங்கணும்." அப்புறம் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டாள். "அதுக்குப் பக்கத்துல ஒரு பிளக் பாயின்ட்டும் வச்சிடுங்க."

"சட்டைக்கு எதுக்குடி கரண்டு?" என்றேன்.

"போனு சார்ஜ் போட."

மேஸ்திரி சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

குடி போனோம். கண்ணாடியில் எனக்குக் கழுத்து மட்டும்தான் தெரிந்தது. குனிந்து சவரம் செய்தால் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரே ஆறுதல், அந்த ஆணி அவளுக்கு எட்டாது. கணக்கில் அதை மட்டும் விட்டுவிட்டாள் என்று நினைத்திருந்தேன்.

ஒரு நாள் வடலூர் கடைத்தெருவிலிருந்து பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று வாங்கி வந்தாள்.

"எதுக்கு?"

"ஒட்டட அடிக்க."

ஆணியைப் பார்த்தேன். அவளும் பார்த்தாள்.

மறுநாள் காலையில் ஸ்டூலைக் கண்ணாடி முன்னால் போட்டு உட்கார்ந்து சவரம் செய்தேன். முகம் முழுதாகத் தெரிந்தது. இடுப்பும் பிடிக்கவில்லை. பிறகு அதை விடவே இல்லை.

"ஸ்டூலக் குடுங்க, ஒட்டட அடிக்கணும்."

"நான் இருக்கற வரைக்கும் நானே அடிக்கிறேன்."

ஒட்டடைக் கம்பைச் சுவரில் சாய்த்தாள்.

"ஓம டப்பா காலியாய்க்கினே வருது. நான் தொடுறதில்ல. டாக்டருகிட்ட நெஞ்சக் காட்டிட்டு வாங்க. ஸ்டூல நீங்களே வச்சிக்குங்க."

என்ன டப்பா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் முகத்தில் விளையாட்டு இல்லை. போனேன். நெஞ்சில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார்கள். வெளியே பெஞ்சில் அவள் பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வாயுதான்.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.