குழாயடிப் பாட்டு

அந்த இசைத்தட்டின் உறையில், கோட்டு போட்ட நான்கு ஆண்கள் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் முறைத்துக்கொண்டு நிற்கிறார்கள். பாடியது நான். இரவல் பூட்ஸைப் போட்டுக்கொண்டு அவர்கள் போஸ் கொடுக்க, கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நான் காவல் இருந்தேன். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

என் அண்ணன் ஆவடித் தொழிற்சாலையில் எலக்ட்ரீஷியன். அறுபதுகளின் கடைசியில் அவனும் கூட வேலை பார்த்த மூன்று பேரும் முடியை வளர்த்துக்கொண்டு, குவார்ட்டர்ஸ் சைக்கிள் ஷெட்டில் ஒரு குழு ஆரம்பித்தார்கள். அண்ணன் பழைய ரேடியோவைப் பிரித்து அதில் கிதாரை மாட்டியிருந்தான். கம்பியைத் தொட்டால் தகரத்தைத் தரையில் இழுக்கிற சத்தம் வரும். அதைத்தான் அவன் இசை என்றான். பக்கத்து பிளாக்காரர் வந்து கதவை உதைப்பார்: "நைட் ஷிப்ட் பாத்துட்டு வந்து பட்த்துகினு கீறேன், இன்னாடா எழவு இது?" அவர்களில் பாடுகிறவன் ஒருத்தன் இருந்தான். புரியாத இங்கிலீஷை மூக்கால் பாடுவான்.

அந்தச் சமயத்தில்தான் ஒருநாள் காலை குழாயடியில் எனக்கும் எதிர் பிளாக் அம்மாளுக்கும் சண்டை. எனக்கு முன்னால் குடத்தைச் செருகிவிட்டாள். "எடு கொடத்த! உடு வழிய!" என்று நான் போட்ட சத்தம், பல் துலக்கிக்கொண்டிருந்த அண்ணன் காதில் விழுந்தது. சாயங்காலம் என்னை ஷெட்டுக்கு இழுத்துக்கொண்டு போனான். "பாடாத. கொழாயாண்ட கத்துனியே, அத்தே மாதிரி கத்து" என்றான். கத்தினேன். குழாயடியில் வாங்கியது, கொடுத்தது எல்லாவற்றையும் அடுக்கி நானே பாட்டாக்கினேன். அவர்களுடைய முதல் தட்டில் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான். ஒலிப்பதிவு செய்தவர் மைக்கை விட்டுத் தள்ளி நிற்கச் சொல்லிச் சொல்லி, கடைசியில் வாசற்படியில் நின்று பாடினேன்.

தட்டு வந்தது. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். என் பேர் இல்லை.

"பொட்டப் புள்ள பேரு வெளிய வந்தா நாளைக்கு மாப்ள ஊட்டுல இன்னா சொல்லுவாங்க?" என்றான் அண்ணன்.

"கத்தச் சொல்லச் சொல்ல மாப்ள ஊடு ஞாபகம் வர்ல?"

கிதாரைத் துடைக்கப் போய்விட்டான்.

ஒரு கடையிலும் தட்டு விற்கவில்லை. மிச்சத்தையெல்லாம் கட்டாகக் கட்டி, குமணன்சாவடி மைக்செட்காரரிடம் தள்ளிவிட்டான். அவர் அதற்கு ஒரு உபயோகம் கண்டுபிடித்தார். கல்யாணப் பந்தியில் சாப்பிட்டு முடித்தவர்கள் எழுந்திருக்காமல் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். அடுத்த பந்திக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடுவார்கள். வாயால் சொன்னால் சம்பந்திச் சண்டை. அவர் பேசாமல் என் தட்டைப் போட்டார். "எடு கொடத்த! உடு வழிய!" பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு ஜனம் எழுந்தது. பூந்தமல்லி, மாங்காடு, ஆவடி என்று எல்லா மைக்செட்காரர்களும் அந்தத் தட்டைக் கேட்டு வாங்கினார்கள். "பந்தி கிளப்புற பாட்டு" என்றே அதற்குப் பேர் வந்துவிட்டது. அந்தக் குழு இந்தப் பக்கத்துக்கு விட்டுப்போன பெரிய சொத்து இதுதான். அண்ணன் அதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொண்டு திரிந்தான்: "நம்ம தட்டு இல்லாம ஒரு கல்யாணம் நடக்குமா?" நம்ம தட்டாம்!

இரண்டாவது தட்டுக்குப் பட்டணத்திலிருந்து ஒரு பெண்ணை அழைத்துவந்தார்கள். தேன் குரல். உறையில் அவள் படம், படத்துக்குக் கீழே கொட்டை எழுத்தில் பேர்.

"இவளுக்கு மாப்ள ஊடு கெடையாதா?" என்று கேட்டேன்.

"அவங்க வேற, நாம வேற" என்றான். அந்தத் தட்டை மைக்செட்காரர் மறுநாளே திருப்பிக் கொடுத்துவிட்டார். இதைப் போட்டால் எவனும் எழுந்திருக்க மாட்டான், இன்னும் ரெண்டு பேர் தூங்கிவிடுவார்கள் என்றார். எனக்குக் குளுகுளு என்று இருந்தது. மறைப்பானேன்?

எழுபதுகளின் நடுவில் மாங்காட்டில் என் கல்யாணம். மாப்பிள்ளையும் நானும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்திருந்தோம். எதிர்வரிசையில் மாமனார். பந்தி நகரவில்லை என்று மைக்செட்காரர் வழக்கப்படி என் தட்டைப் போட்டுவிட்டார். அது யார் கல்யாணம் என்று அவருக்கு என்ன கவலை?

மாமனார் காதைப் பொத்திக்கொண்டார். தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த அண்ணனிடம், "யார்பா இவ, பேய் புட்ச்சவ மாதிரி கத்துறா?" என்றார்.

"யாரோ சினிமாக்காரி, மாமா" என்றான் அவன். கண்கூட இமைக்கவில்லை.

"நான்தான்" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். கல்யாணப் பெண் தமாஷ் பண்ணுகிறாள் என்று மாமனாரும் சிரித்தார். எல்லோரையும் விட உரக்கச் சிரித்தது என் அண்ணன்.

பாட்டின் நடுவில் கிதார் மட்டும் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு நிற்கும். அது நின்றது. கையிலிருந்த அப்பளத்தை இலையில் வைத்தேன். தட்டில் இருந்தவளும் நானும் சேர்ந்து கத்தினோம். "எடு கொடத்த! உடு வழிய!" விடவில்லை, கடைசி அடிவரை கூடவே பாடினேன். யாரும் சிரிக்கவில்லை. மாமனார் என்னையும் ஒலிபெருக்கியையும் மாறி மாறிப் பார்த்தார். பக்கத்து இலைக்காரர் மட்டும் மெதுவாக, "தொண்ட வலிக்கலியா?" என்று கேட்டார். அவரோடு குடித்தனம் பண்ணலாம் என்று எனக்குத் தோன்றியது அப்போதுதான்.

அண்ணன் தண்ணீர் ஜாடியோடு குனிந்து பல்லைக் கடித்தான். "வாழப் போற பொண்ணும்மே நீ."

"அத்த நான் பாத்துக்கறேன். தட்டுல என் பேரப் போடு."

தலையாட்டினான். அந்தத் தட்டு மறுபடியும் அச்சாகவே இல்லை. மண்டபத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டதே, அது போதாதா என்று கேட்கிறார்கள். போதாது.