பூ வைக்கும் முன் ஒரு திருத்தம்

போன ஞாயிற்றுக்கிழமை, மதியம் பன்னிரண்டே முக்கால். அடுப்பில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"மேடமுங்களா? சனிக்கிழமை பேப்பர்ல எழுதறது நீங்கதானுங்களே?"

உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. பொய் சொல்வானேன்? வாசகி போன் செய்தால் எனக்குச் சாம்பார் தீய்ந்தாலும் பரவாயில்லை.

"ஆமா கண்ணு, சொல்லு."

"சோமனூர்ல இருந்து நித்யா பேசறனுங்க. உங்க பேப்பர் ஆபீஸ்ல கெஞ்சிக் கூத்தாடி நம்பர் வாங்கினனுங்க. மூணு வாரத்துக்கு முந்தி ஒரு அமெரிக்கன் ரைட்டரைப் பத்தி எழுதியிருந்தீங்க... அது தப்புங்க மேடம். அந்தத் தப்பை வெச்சு இன்னைக்கு நாலு மணிக்கு எனக்குப் பூ வைக்கப் போறாங்க."

அடுப்பை அணைத்தேன். எங்கள் பக்கத்தில் பூ வைத்துவிட்டால் பெண் நிச்சயமான கணக்கு.

தொடர்ந்து படிப்பவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஓர் அமெரிக்கப் பெண் நாவலாசிரியை. உலகம் பூராவும் பெண் பிள்ளைகள் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படிக்கிற நாவல்கள். அவரைப் பற்றி எழுதும்போது இப்படி முடித்திருந்தேன் — 'கணவர், குழந்தைகள், சமையல் என்று எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே அலமாரி நிறைய எழுதிக் குவித்தார். நம் வீட்டுப் பெண்களும் இதைக் கொஞ்சம் யோசிக்கலாமே!'

ஆச்சரியக்குறி வேறு!

(இந்த வாரம் அவர் பெயரைப் போடப் போவதில்லை. பெயர் போட்டு எழுதி நான் பட்டது போதும்.)

"அவங்க கல்யாணமே பண்ணிக்கலீங்க மேடம்" என்றாள் நித்யா.

நடந்தது என்னவென்றால்... கல்லூரியில் அவருடைய ஒரு நாவலைச் சுருக்கப் பதிப்பில் படித்திருந்தேன். கதாநாயகியும் எழுதியவரும் ஒரே ஆள்தான் என்று வகுப்பில் சொன்னார்கள். கதையில் கதாநாயகிக்குக் கல்யாணம் ஆகி, குழந்தையும் பிறக்கிறது. ஆகவே நான் அந்த அம்மாளுக்கும் கல்யாணம் செய்து வைத்துவிட்டேன். ஜாதகம் பார்க்கவில்லை, பொருத்தம் பார்க்கவில்லை. சரிபார்க்க இரண்டு நிமிஷம் ஆகியிருக்குமா? அதுகூடச் செய்யவில்லை.

நித்யா சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். எம்.ஏ. ஆங்கிலம் முடித்து, பீளமேட்டில் ஒரு கல்லூரியில் பாடம் எடுக்கிறாள். அந்த நாவலாசிரியையைப் பற்றி ஆராய்ச்சி செய்ய ஹைதராபாத்தில் இடம் கிடைத்திருக்கிறது. புதன்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். செவ்வாய்க்கிழமை ரயிலுக்கு டிக்கெட்டும் போட்டு வைத்திருக்கிறாள், வெயிட்டிங் லிஸ்டில். சேராவிட்டால் இடம் வேறு ஆளுக்கு. மூன்று வருஷப் படிப்பு. அது முடிகிறவரை கல்யாணப் பேச்சே வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லியிருக்கிறாள். அப்பா ராமசாமி விசைத்தறி வைத்திருக்கிறார். முதலில் அரைமனதாக இருந்தவர்தானாம். அப்புறம் என் கட்டுரை வந்தது. அதை வெட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"'அந்தம்மாவே புருஷன் புள்ளைங்களோட எழுதிச்சாம், உனக்கென்ன கண்ணு'ன்னு கேக்கறாருங்க. பயோகிராபி மூணு வாங்கி வெச்சிருக்கறனுங்க, காட்டினேன். 'வெளிநாட்டுக்காரன் எழுதினதை நம்பறதா, நம்மூரு மேடத்தை நம்பறதா'ன்னுட்டாரு."

"நீ கல்யாணம் வேண்டாம்னு தெளிவாச் சொன்னியா?"

"சொன்னனுங்களே. 'இப்ப வேண்டாமுங்கப்பா'ன்னு எத்தனையோ தடவை சொல்லிப்போட்டேன்."

அங்கேதான் விஷயம் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் 'வேண்டாமுங்க' என்றால் என்ன அர்த்தம்? இன்னும் ஒரு கரண்டி வை என்று அர்த்தம். விருந்துக்குப் போய் 'வேண்டாமுங்க, வேண்டாமுங்க' என்று இலைக்கு மேல் கையை நீட்டினால், விரல் இடுக்கு வழியாகப் பாயசத்தை ஊற்றுவார்கள். வேண்டாம் என்பதை நம்புவது இங்கே மரியாதைக் குறைவு. ராமசாமி அண்ணனும் மகள் சொன்னதை அப்படித்தான் எடுத்துக்கொண்டிருப்பார். பெண் பிள்ளை கூச்சப்படுகிறது, இன்னும் கொஞ்சம் வற்புறுத்தலாம் என்று.

"பூ வெச்சுட்டாங்கன்னா முடிஞ்சுதுங்க மேடம்" என்றாள். "அப்புறம் ஆரு நெனச்சாலும் ஒண்ணும் பண்ண முடியாதுங்க."

அவள் கொடுத்த நம்பரில் அப்பாவைக் கூப்பிட்டேன். என் பெயரைச் சொன்னதும் மனுஷன் ஆனந்தத்தில் மிதக்க ஆரம்பித்துவிட்டார். "மேடமுங்களா! இன்னைக்குப் பாருங்க, நல்ல நாளும் அதுவுமா நீங்களே கூப்பிடறீங்க! எம்புள்ளைக்கு இன்னைக்குப் பூ வைக்கறமுங்க. நீங்க அவசியம் ஊட்டுக்கு வரோணும்."

"அண்ணா, நான் எழுதினதுல ஒரு..."

"எல்லாம் நேர்ல பேசிக்கலாமுங்க. வந்துருங்க!" வைத்துவிட்டார்.

திருத்தம் போட ஆசிரியரைக் கேட்டேன். "அடுத்த சனிக்கிழமை ஓரத்துல சின்னதாப் போட்டுடலாம் மேடம்" என்றார். அடுத்த சனிக்கிழமை! நித்யா அதற்குள் நிச்சயமான பெண்ணாகியிருப்பாள். புதன்கிழமை போயிருக்கும். என் ஓரத் திருத்தத்தை வைத்து அவள் என்ன செய்வாள்?

காரை எடுத்தேன்.

அவிநாசி ரோட்டை அறியாதவர்கள் உண்டா? ஞாயிற்றுக்கிழமை என்றால் கல்யாண மண்டபம் ஒவ்வொன்றின் வாசலிலும் ஒரு பர்லாங்குக்கு வண்டி நிற்கும். மணி இரண்டரை. சிக்னலில் நிற்கும்போதெல்லாம் வாய்விட்டு ஒத்திகை பார்த்தேன். பக்கத்து ஸ்கூட்டர்காரர் பரிதாபமாகப் பார்த்தார். பயமாக இருந்தது. பயத்தைவிட வெட்கம் அதிகமாக இருந்தது. இருபது வருஷமாக ஊருக்கெல்லாம் யோசனை சொல்கிறேன். அதை யாராவது நிஜமாகவே கேட்டு நடப்பார்கள் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை.

மூன்றே காலுக்கு சோமனூர். வீட்டு வாசலில் ஏற்கனவே ஒரு பெரிய வண்டி. மாப்பிள்ளை வீட்டார் சீக்கிரமே வந்துவிட்டார்கள்!

பக்கத்துக் கொட்டகையில் தறிகளை நிறுத்தியிருந்தார்கள். தறி ஓடியிருந்தால் என் பேச்சு யார் காதிலும் விழுந்திருக்காது, அதைச் சாக்காக வைத்துத் தப்பித்திருக்கலாம். இப்போது டம்ளர் வைக்கிற சத்தம்கூடத் தெருவுக்குக் கேட்டது.

"வாங்க மேடம், வாங்க வாங்க!" ராமசாமி அண்ணன் ஓடி வந்தார். வெள்ளைச் சட்டை. பையில் மடித்த பேப்பர் தெரிந்தது. என் கட்டுரைதான்.

ஹாலில் மாப்பிள்ளைப் பையனும் அவன் அம்மாவும் இன்னும் நாலைந்து உறவுக்காரர்களும். அந்த அம்மா பவானியில் ஜமக்காளக் கடை வைத்திருக்கிறார். நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், பார்வையிலேயே எடை போடுகிறவர். பையனுக்குப் பெங்களூரில் வேலை. நல்ல பையனாகத்தான் தெரிந்தான். அது எனக்கு இன்னும் சங்கடமாக இருந்தது. டீப்பாய் மேல் வெற்றிலைத் தட்டு. தட்டில் வாழையிலைப் பொட்டலம். அதற்குள்தான் பூ.

நித்யா உள் அறை வாசலில் நின்றாள். பட்டுப்புடவை. என்னைப் பார்த்ததும் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இவங்க எழுதினதைப் படிச்சுத்தானுங்க எம்புள்ளைக்கு எடுத்துச் சொன்னேன்" என்று அண்ணன் எல்லாருக்கும் என்னை அறிமுகம் செய்தார். "இந்தச் சம்பந்தத்துக்கே இவங்கதானுங்க காரணம்."

என் கைக்கு ஒரு லட்டோடு பலகாரத் தட்டு வந்தது.

"அண்ணா... நான் அந்த ரைட்டரைப் பத்தி எழுதினது தப்புங்க."

அவர் சிரித்தார். "பாத்தீங்களா? பெரியவங்கன்னா இப்பிடித்தானுங்க. எழுதறதெல்லாம் எழுதிப்போட்டு, தன்னடக்கமாப் பேசறாங்க."

"இல்லீங்க, நெசமாலுமே தப்புங்க."

"அட, நீங்க பலகாரம் எடுத்துக்கங்க மேடம்." தட்டில் இன்னொரு லட்டு விழுந்தது.

"வேண்டாமுங்க" என்றேன். மூன்றாவது லட்டும் விழுந்தது.

நித்யாவைப் பார்த்தேன். இத்தனை நாளாக இந்த வீட்டில் அவள் பட்ட பாடு இரண்டே நிமிஷத்தில் எனக்குப் புரிந்துவிட்டது.

பவானி அம்மா தட்டைத் தன் பக்கம் இழுத்தார். பொட்டலத்தைப் பிரித்தார். மல்லிகை வாசனை ஹாலை நிறைத்தது. "மூணரைக்கே நல்ல நேரம் வந்துருச்சுங்க. வெச்சுரலாமுங்களா?"

எழுந்து நின்றேன்.

"தப்பு" என்றேன்.

'ங்க' இல்லாமல்.

கொங்கு நாட்டில் பிறந்து வளர்ந்தவள் நான். அடுத்தவர் வீட்டு ஹாலில் நின்று, 'ங்க' போடாமல் பேசியது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. எல்லாரும் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"நான் எழுதினது தப்பு. அந்த அம்மாவுக்குக் கல்யாணமே ஆகல. சாகற வரைக்கும் ஆகல. புருஷன், புள்ளைன்னு நான் எழுதினது பூராவும் பொய்."

நல்ல காரியம் நடக்கிற வீட்டில் சாவைப் பற்றி வேறு பேசிவிட்டேன். நித்யாவின் அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார்.

ராமசாமி அண்ணன் பையிலிருந்து அந்தப் பேப்பரை எடுத்தார். பிரித்தார். அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பவானி அம்மாதான் பேசினார். "ஏனுங்க, எதுக்கு அந்தம்மா கட்டிக்கல?"

இதை நான் எதிர்பார்க்கவில்லை. "தெரியாதுங்க" என்றேன்.

"தெரியாதுங்களா? அவங்களைப் பத்திப் புக்கு இருக்குமல்லங்க?"

"இருக்குங்க. நான் படிக்கலீங்க."

"படிக்காமயேதான் எங்களுக்கெல்லாம் பாடம் எடுத்தீங்களா?"

மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. ஆனாலும் எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டது. தலையைக் குனிந்துகொண்டேன்.

"செரி, இங்க ஆருதான் படிச்சிருக்கறது?"

"நானுங்க" என்றது நிலைக்கதவு.

நித்யா உள்ளே போய் மூன்று தடிப் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பக்கத்துக்குப் பக்கம் கலர் காகிதம் ஒட்டியிருந்தது. வெற்றிலைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தாள்.

"இந்தப் புக்கு, குடும்பத்தைத் தாங்கறதுக்காகக் கட்டிக்கலைன்னு சொல்லுதுங்க. இது, அவங்களுக்கு ஆரம்பத்துல இருந்தே இஷ்டம் இல்லைன்னு சொல்லுதுங்க. இது, மனசுல ஆரையோ நெனச்சிருந்தாங்கன்னு சொல்லுதுங்க. மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து வரலீங்க. கதையில வர்ற பொண்ணுங்களுக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வெச்சிருக்காங்க. தனக்கு மட்டும் பண்ணிக்கல. எதுக்குன்னு..." மூச்சு வாங்கினாள். "நீங்க இப்பக் கேட்டீங்களே, அந்தக் கேள்விக்குப் பதில் தேடத்தானுங்க மூணு வருஷம் கேட்டேன்."

பையன் கையை நீட்டி மேலே இருந்த புத்தகத்தைத் திறந்து பார்த்தான்.

பவானி அம்மா பூவைக் கையில் வைத்துக்கொண்டு நித்யாவையே பார்த்தார். "நேராவே கேக்கறேன் கண்ணு. இப்பக் கட்டிக்க உனக்கு இஷ்டமா, இல்லையா?"

"இல்லீங்க" என்றாள்.

பவானி அம்மா பூவைக் கீழே வைக்கவில்லை. அந்த 'இல்லீங்க'வுக்கு என்ன அர்த்தம்? இன்னொரு கரண்டியா? சொல் கண்ணு, இன்னொரு தரம் சொல் என்று மனசுக்குள் கத்தினேன்.

நித்யாவுக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அப்பாவைப் பார்த்துத் திரும்பினாள்.

"இல்ல" என்றாள். "வேண்டாம்ப்பா."

அவ்வளவுதான். ராமசாமி அண்ணன் சேரில் பின்னால் சாய்ந்தார். அந்த வார்த்தையை மகள் வாயிலிருந்து இப்போதுதான் முதல் முறையாகக் கேட்கிறவரைப் போல இருந்தது அவர் முகம்.

பவானி அம்மா பூச்சரத்தை மூன்றாகக் கிள்ளினார். ஒரு துண்டை எனக்கு நீட்டினார். ஒன்றை நித்யாவின் அம்மாவுக்கு. மூன்றாவதை எடுத்துக்கொண்டு நித்யாவிடம் போனார். தலையில் வைக்கவில்லை. அவள் கையைப் பிடித்து, உள்ளங்கையில் வைத்தார்.

"நீயே வெச்சுக்க கண்ணு" என்றார். "பதிலைக் கண்டுபுடிச்சா எனக்கும் ஒரு போன் போடு."

அவர்கள் காபி குடித்துவிட்டுத்தான் கிளம்பினார்கள். இன்னும் ஒரு டம்ளர் வேண்டாமுங்க என்றார்கள். ஊற்றினோம். குடித்தார்கள்.

நான் காரில் ஏறும்போது பக்கத்துக் கொட்டகையில் தறி ஓட ஆரம்பித்தது. அண்ணன் ஜன்னலருகே வந்து நின்றார். என் கட்டுரையை நாலாக மடித்து என் கையில் கொடுத்தார்.

"அச்சுல வந்தாச் செரியாத்தான் இருக்கும்னு நெனச்சுப்போட்டேனுங்க" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அழுகை வந்துவிட்டது எனக்கு.

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வீட்டுப் பக்கம் திரும்பி, தறிச் சத்தத்துக்கு மேல் குரல் கொடுத்தார்.

"கண்ணு! செவ்வாக்கெழமை ரயிலுக்கு டிக்கெட்டு கன்பார்ம் ஆயிருச்சா?"

ஆசிரியர் ஓரத்தில் சின்னதாகப் போடுவதாகச் சொன்னதை வேண்டாம் என்றுவிட்டேன். ('வேண்டாமுங்க' என்று சொல்லவில்லை.) என் தப்பு, என் இடத்திலேயே வரட்டும்.

திருத்தம்: அந்த நாவலாசிரியைக்குக் கணவர், குழந்தைகள் இருந்ததாக இந்தப் பகுதியில் எழுதியிருந்தேன். அவர் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்பதை சோமனூர் நித்யா மூன்று வருஷத்தில் சொல்வாள். அதுவரை நான் வாயைத் திறக்க மாட்டேன்.